குண்டு வீசிய ஊரிலேயே

நம் விருத்தாசலம் போலவே ஜப்பானின் நகோயாவும் பீங்கானுக்குப் பேர்போன ஊர். 1942 ஏப்ரல் 18 அன்று அதன்மேல் குண்டு வீசிய அமெரிக்க விமானங்களில் ஒன்றில் இருந்தவர் ஜேக்கப் டிஷேசர். பிடிபட்டு 40 மாதம் சிறை, அதில் 34 மாதம் தனிமைக் கொட்டடி. பசி, அடி, உதை. கூடப் பிடிபட்டவர்களில் மூவரைச் சுட்டே கொன்றார்கள். காவலர்களை அடியோடு வெறுத்த அவர் கையில் மூன்றே வாரத்துக்கு ஒரு வேதாகமம் கிடைத்தது. வெறுப்பு கரைந்தது.

1948-ல் கிறிஸ்தவ ஊழியராக ஜப்பான் திரும்பினார். அவருடைய சாட்சியைத் துண்டுப் பிரசுரத்தில் படித்து மனம் மாறியவர் யார் தெரியுமா? பேர்ல் துறைமுக வான்தாக்குதலை நடத்திய மிட்சுவோ புச்சிடா! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. 1959-ல் நகோயாவிலேயே சபை தொடங்கினார் டிஷேசர். 2008 மார்ச் 15 அன்று, 95 வயதில், அமெரிக்காவின் சேலம் நகரில் காலமானார்.