ஒரு ‘ஹாஸ்’ விடுபட்டால்



இம்மலருக்குக் கனடாவிலிருந்து ஆங்கிலத்தில் வந்த குறிப்பொன்றில், எங்களைப் படிப்பித்த தம் தாயார் இவ்வூரில் 60 வருடம் ‘லிவ்ட்’ என்று மகள் எழுதியிருந்தார். மனம் பதறி அனுதாபக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். ஆசிரியையோ சுகமாக இருக்கிறார்! ‘ஹாஸ் லிவ்ட்’ என்றிருந்தால் இன்றும் இங்கேதான் வாழ்கிறார் என்று விளங்கியிருக்கும்.

மறுபுறம், ‘ஐ ஹாவ் லெஃப்ட் ஸ்கூல் இன் 1974’ என்றும் நம்மிற் சிலர் எழுதுகிறோம். தமிழில் ‘நேற்று வந்திருக்கிறார்’ எனலாம், அந்தப் பழக்கந்தான். ஆங்கிலத்தில் ‘நேற்று’, ‘1974இல்’ என்று முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் ‘ஹாவ்’ சேராது, ‘லெஃப்ட்’ போதும். ‘சின்ஸ் 1974’ என்று இன்றுவரை நீண்டால் ‘ஹாவ்’ வேண்டும்.

ஆசிரியையின் குறிப்பை ‘ஹாஸ்’ சேர்த்தே அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்.