கரிசல் வெயிலும் மின்விளைவும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை வானம் பார்த்த நிலம் என்பர். குண்டாற்றில் நீரினும் மணலே மிகுதி. மழை பொய்த்த ஆண்டுகளில் இங்குள்ள உழவன் சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்று உயிர் காத்தான். அவனைச் சுட்ட வெயிலே இன்று விலைபோகும் பொருளாயிற்று!

திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதிப் பகுதியில், 2016இல் அதானி குழுமம் 648 மெகாவாட்டுக் கதிரொளி மின்னிலையத்தை நிறுவியது. பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். பலகைகள் 25 நூறாயிரம். அம்மின்னை அலகு ஒன்றுக்கு உருபா 7.01 விலையில் தமிழ்நாட்டு மின்வாரியம் வாங்க 2015இலேயே உடன்படிக்கை ஆயிற்று.

சிலிக்கன் வில்லையில் ஒளி பட்டதும் நேர்திசை மின்னோட்டம் பிறக்கிறது. அதனைப் பொறிகள் மாறுதிசை மின்னோட்டமாக்க, மின்மாற்றிகள் அழுத்தம் உயர்த்தித் தொலைவூர்களுக்குச் செலுத்துகின்றன. நிலக்கரி வேண்டா, புகையும் இல்லை. ஆயினும் ஞாயிறு மறைந்தால் ஆக்கமும் மறையும். இரவுக்கு அனலும் புனலும் துணைநிற்க வேண்டும்.

இன்னொன்றும் எண்ணுக! அங்குப் பலகைத் தூசைத் துடைக்கவும் தானியங்கிப் பொறிகளே அமைந்தன. கூலிக்கு இடம் சுருங்கும். பொறியறிந்தார்க்கே இடம் பெருகும். அவ்வறிவு தாய்மொழியில் வாராவிடின் கரிசற் சிற்றூர்ப் பிள்ளைக்கு எட்டுமா? மின்னோட்டம், மின்மாற்றி, மின்னழுத்தம் என்னும் சொற்கள் பள்ளிப் பாடநூலில் உள்ளன. தேர்வோடு அவை துறக்கப்படுவது ஏன்? பணிமனைக்கும் அவை செல்லட்டும்!

வெயிலைத் தந்த நிலம் அதன் அறிவையும் பிறர்க்கே விட்டுவிடல் ஆகாது. கற்பீர், தமிழிற் கற்பிப்பீர்!