எடை இறங்கியது, தோல் ஏன் உரிகிறது?



2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். 2019 ஆய்வில் இனவாரியாக முன்னணியில் நின்றவர்கள் இந்தியர்கள். முந்தி நிற்க வேண்டிய பட்டியலா இது!

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை நல்ல சிகிச்சைதான். நீரிழிவு பலருக்குக் கட்டுக்குள் வருகிறது. ஒரு முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிடுவார்கள். இன்னொன்றில் சிறு பை மட்டும் வைத்து, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தவிர்த்து உணவைத் திருப்பிவிடுவார்கள். பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்து ஆறு மாதம். கோழித்துண்டு நெஞ்சில் அடைக்கிறது, வாந்தி வருகிறது. கஞ்சி, பிஸ்கட், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் மட்டும் சுலபமாக இறங்குகின்றன. "எப்படி இளைச்சிட்டீங்க அக்கா!" என்று உறவினர் மெச்சுகிறார்கள். பிறகு முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்து, பழைய சுவர்ச் சாயம்போல் உரிகிறது. கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்தின் நீர் எடையில் சேர்வதால், தராசும் உண்மையைச் சொல்லாது. வீட்டார் களிம்பு வாங்கி வருகிறார்கள்.

இந்த அடையாளங்களை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். இன்றைய கானாவில், தாய்ப்பால் மறந்து சோளக்கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளிடம் கண்டு 1933இல் எழுதினார். 1935இல் அதற்கு அந்த ஊர் மக்களின் சொல்லையே பெயராக வைத்தார்: குவாஷியோர்கர். வயிறு நிறைந்தும் புரதம் இல்லாத நோய். அவர் பின்னர் நம் பக்கமே வந்தார். 1939இல் சிங்கப்பூரில், குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்புக் கெட்டிப்பால் கொடுக்கும் வழக்கத்தைக் கொலை என்றே சாடிப் பேசினார்.

அந்த நோய் அறுவை செய்துகொண்ட பெரியவர்களுக்கும் வரலாம். அடிக்கடி வருவதில்லை, வந்தால் உயிருக்கே ஆபத்து. துத்தநாகம் குறைந்தாலும் வாயோரத்திலும் கைகால்களிலும் தோல் புண்ணாகும். எது குறைவு என்று இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். முதல் சில மாதங்களில் முடி மட்டும் உதிர்வது பெரும்பாலும் தானே சரியாகும். வீக்கமும் தோல் உரிதலும் சேர்ந்தால் காத்திருக்கக்கூடாது. எடை இறங்கியதால் தோல் தொங்குவது வேறு கதை.

பொதுவாக ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். ஆகவே தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும், சோறு கடைசியில். கோழி இறங்காவிட்டால் மீன், முட்டை, தயிர், பருப்பு, சந்தையில் கிடைக்கும் தெம்பே. மென்று, கொஞ்சம் கொஞ்சமாக.

வாந்தி நிற்கவில்லையென்றால் அறுவை செய்த மருத்துவரிடமே திரும்பிப் போக வேண்டும். தோல் மருத்துவரைப் பார்த்தால், வயிற்றில் அறுவை நடந்ததை முதலில் சொல்லிவிடுங்கள்; அது பத்தாண்டுக்கு முன் நடந்திருந்தாலும் சரி.