அடைப்புக்குறிக்குள் அரியலூர்



கம்ப்யூட்டரில் ஆள் தேடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய அலுவலகங்களில் ஊழியர் விவரங்களை ‘டைரக்டரி’யில் வைத்திருப்பார்கள். அதனிடம் கேள்வி கேட்கும் முறைக்கு எல்டாப் என்று பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளிவந்தது. கேள்விக்கு ‘ஃபில்டர்’ என்று பெயர். அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். குறி முதலில், நிபந்தனைகள் பின்னால். & போட்டால் எல்லாம் பொருந்த வேண்டும்; | போட்டால் ஒன்று பொருந்தினால் போதும்; ! போட்டால் பொருந்தக் கூடாது.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், அரியலூர் மாவட்டத்து ஊழியர்களுக்குக் கடிதம் அனுப்பப் பட்டியல் கேட்டார்கள். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால்:

(&(நிலை=பணியில்)(மாவட்டம்=அரியலூர்))

பட்டியல் வந்தது, கடிதமும் போனது. ஒரு வாரம் கழித்து செந்துறைக்காரர் ஒருவர் போன் பண்ணி, "ஏன் தம்பி, நான் நம்ம ஊர்க்காரன் இல்லியா?" என்றார். எடுத்துப் பார்த்தால் அவர் பதிவில் ‘பெரம்பலூர்’ என்றிருந்தது.

தப்பு என்னுடையதுதான். நம்ம ஊர் 1995 வரை திருச்சி மாவட்டம்; அந்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டம்; 2001-இல் தனி மாவட்டம்; 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது; 2007-இல் மீண்டும் தனி. அவரவர் விண்ணப்பம் எழுதிய வருஷத்து மாவட்டம்தானே பதிவில் இருக்கும்! பிறகு இப்படித் திருத்தினேன்:

(&(நிலை=பணியில்)(|(மாவட்டம்=அரியலூர்)(மாவட்டம்=பெரம்பலூர்)(மாவட்டம்=திருச்சி)))

வேண்டாதவர்களும் வந்தார்கள். ஊர்ப்பெயர் பார்த்துக் கழித்துவிட்டேன். அதிகமாக வந்தவரைக் கழிக்கலாம். வராமல் போனவரை எங்கே போய்த் தேடுவது?

மாணவர்களுக்கு இன்னொன்று. பிறர் தட்டச்சு செய்வதை அப்படியே ஃபில்டருக்குள் வைக்காதீர்கள். ஒருவர் வெறும் * என்று போட்டால், அந்த விவரமுள்ள அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். ‘ராஜேந்திரன் (சின்னவர்)’ என்று பெயர் இருந்தால், அந்த அடைப்புக்குறியே ஃபில்டரைக் குழப்பிவிடும். ( என்பதை \28 என்றும், ) என்பதை \29 என்றும் மாற்றி அனுப்ப வேண்டும். * குறிக்கும் இதேபோல் மாற்று உண்டு. பைத்தான் மொழியின் எல்டாப் நூலகங்களில் இதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது. கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

நம் சங்கத்தின் முகவரிப் பட்டியலுக்கும் இது பொருந்தும். இனிஷியல், படித்தபோது இருந்த பெயர், பழைய மாவட்டம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த சந்திப்புக்கு அழைப்பு வராமல் யாரும் விட்டுப்போகக் கூடாது.