கண்மலரும் கண்ணூசியும்



நீரிழிவினால் பார்வை மங்கினால் நம் மக்கள் "தலைவிதி" என்கிறார்கள். சமயபுரத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் செலுத்துகிறார்கள். டாக்டர் கண்ணில் ஊசி போடவேண்டுமென்றாலோ, "ஆயுள் முழுவதும் போடவேண்டுமாமே! கடைசியில் கண்ணே போய்விடுமாமே!" என்று நடுங்குகிறார்கள். கண்மலருக்குக் கணக்குக் கேளாதவர்கள் ஊசிக்கு மட்டும் கேட்கிறார்கள். கேட்கட்டும், ஊசிக்குக் கணக்கு இருக்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிகுந்து நின்றால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசிகின்றன, நடுப்பகுதி வீங்குகிறது, எழுத்துத் தெரிவதில்லை. ஊசி மருந்து அக்கசிவைத் தடுக்கிறது. சில வாரங்களில் அதன் வேகம் தணிவதால் திரும்பவும் போடுகிறார்கள். இதில் மர்மம் ஏது?

அமெரிக்காவில் ரானிபிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்து ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் எட்டு ஒன்பது ஊசி, இரண்டாம் வருஷம் இரண்டு மூன்று. ஐந்தாம் வருஷத்திலோ பாதிப் பேருக்கு மேல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பெற்ற பார்வையும் சராசரியில் நிலைத்தது. "ஆயுள் முழுவதும்" என்ற பயம் எங்கே போயிற்று?

மற்றொரு பரிசோதனையில் இரண்டு வருஷம் ஒழுங்காகப் பார்த்துவிட்டு, பிறகு அவரவர் வழக்கமான வைத்தியத்திற்கு அனுப்பினார்கள். 2020இல் வெளியான ஐந்து வருஷக் கணக்குப்படி, ஆரம்பத்தைவிடச் சராசரி 7 எழுத்து அதிகமாகவே வாசித்தார்கள். ஆனால் இரண்டாம் வருஷ நிலையிலிருந்து சுமார் 5 எழுத்து இழந்திருந்தார்கள். காரணம் இன்னதுதான் என்று இந்த ஒரு கணக்கு மட்டும் முடிவுகட்டாது. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்குப் புத்தி வரவேண்டும்: கண் தெளிந்ததும் டாக்டரை மறப்பது ஆபத்து.

ஊசியில் தீங்கே இல்லையென்றும் நாம் சொல்லவில்லை. சில ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்றில் கண்ணுக்குள் கிருமி புகலாம். ஊசிக்குப் பின் வலியோ, சிவப்போ, மங்கலோ அதிகரித்தால் அன்றைக்கே ஓடவேண்டும். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்காமல் ஊசியையே நம்பியிருப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

தோழர்களே! ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியை இழந்து வரும் ஏழை, வழியில்லாமல் பாதியில் நிற்பதை விதியென்று சொல்லாதீர்கள். அவனுக்கு மருந்தும் வழிச்செலவும் கிடைக்கச் செய்வது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை. கண்மலருக்கு எடுத்துவைத்த பணத்தை அடுத்த பரிசோதனைக்கு எடுத்துவையுங்கள்!