இலையைத் தைக்கும் சிட்டு



தோட்டத்தில் "டுவிட், டுவிட்" என்று உரத்துக் கூவும் பறவையைத் தேடிப் பாருங்கள். எளிதில் கண்ணில் படாது. எடை 10 கிராமுக்கு மேல் போகாது. செம்பழுப்பு நெற்றி, பச்சை முதுகு, தூக்கிய வால். அதுதான் தையல்சிட்டு.

அதன் அலகே ஊசி. அகன்ற இலையின் ஓரங்களில் பெண்சிட்டு துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் நுழைத்து இணைத்துவிடும். அந்தப் பைக்குள் மெத்தென்று கூடு கட்டி முட்டையிடும். ஏறக்குறைய 12 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும்.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். சிட்டு இலையைப் பறிப்பதில்லை. கிளையோடு இணைந்திருப்பதால், துளைபட்ட இலையும் பச்சையாகவே இருந்து குஞ்சுகளை மறைத்துக் காக்கிறது. திராட்சைக் கொடியையும் கிளைகளையும் பற்றி ஆண்டவர் சொன்னதை (யோவான் 15) நினைத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டாலும் அவரோடு இணைந்திருந்தால் வாடிப்போக மாட்டோம்.

அடுத்து, அது ஒரே நீண்ட நூலால் தைப்பதில்லை. ஒவ்வொரு தையலும் தனித்தனி. அப்பாவும் அம்மாவும் பேசாமல் இருக்கும் வீடுகள் உண்டு. குழந்தைகளே, அந்தக் கிழிசல் உங்களால் வந்ததல்ல. அதைத் தைக்கும் பொறுப்பும் உங்களுடையதல்ல. பெற்றோரே, அது நம் வேலை. முழுவதையும் இன்றே தைக்க வேண்டாம். இன்றிரவு ஒரு தையல் போடுங்கள்: "சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். குஞ்சுகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

குழந்தைகளே, கூட்டைக் கண்டால் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். தூங்குமுன் அப்பா அம்மாவுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்கள்.

இறைவன் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.