தரிசு நிலமும் திரும்பும் காடும்
(கொல்லிமலை உழவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



பயிரிடாது விட்ட நிலத்தில் காடு திரும்புமாயின் அதனை நன்மை என்பதா, கேடு என்பதா? கொல்லிமலையின் 14 நாடுகளிலும் இவ்வினாவுக்கு ஒரே விடை கிடைப்பதில்லை.

வல்வில் ஓரி ஆண்ட இம்மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பல. மரவள்ளியும் காப்பியும் மிளகும் பெருகவே அவை குறுகின. பிழைப்புத் தேடிக் கேரளத் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்களும் உண்டு. ஆளில்லாத நிலத்தில் முதலில் வருவது உண்ணிச்செடி. அது காடன்று. பறவையும் வௌவாலும் விதை கொணர வேண்டும். வெட்டுண்ட அடிமரம் துளிர்க்க வேண்டும். சில ஆண்டுகளேனும் தீயும் மேய்ச்சலும் அணுகாதிருக்க வேண்டும்.

சமவெளியிலிருந்து வருபவர் பசுமை கண்டு மகிழ்கிறார். மலையுழவரோ, "உழுத நிலத்தைப் புதராக்கினானே" என்று அண்டை வீட்டாரைக் குறை கூறுகிறார். அதில் நியாயம் உண்டு. புதரில் தங்கும் காட்டுப்பன்றி அடுத்தவர் கொல்லையையே உழுதுவிடுகிறது. மற்றோர் அச்சமும் உண்டு. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், 1955 ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். இதனைக் கேள்வியுற்றவர் கன்றிலேயே மரத்தைப் பிடுங்கிவிடுகிறார். இதனை அறியாமை என்று தள்ளுவது எனக்கு உடன்பாடன்று.

அதே மக்கள் கோயில் காட்டில் கோடரி வைப்பதில்லை. எவர் காப்பது, எவருக்குப் பயன் என்பது அங்கே தெளிவாக இருக்கிறது.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலப் பரப்பில் 33 விழுக்காடு காடும் மரமும் வேண்டும் என்கிறது. சில்வர் ஓக் மரங்களை வரிசையாக நட்டு அதனைக் காடென்று கணக்கெழுத வேண்டாம். மிளகுக்கொடி ஏற அது நல்ல மரம், அவ்வளவே.

எந்த நிலத்தை விடுவது? ஓடை பிறக்கும் இடம், மிகச் செங்குத்தான சரிவு, ஒதுக்குக்காட்டை ஒட்டிய விளிம்பு ஆகியவற்றை விடலாம். விதைத்த வயல்களுக்கு நடுவே ஒரு துண்டை விடுவது அண்டையாருக்குத் தீங்கு. வழிவழியாகத் தாம் காத்துவரும் சமூகக் காட்டைப் பேணவும் மீண்டும் வளர்க்கவும் 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைமக்களுக்கு உரிமை அளிக்கிறது. பட்டா நிலமாயின் உடையவரின் இசைவு வேண்டும்; பின்னர் மரம் வெட்டுவதற்குரிய விதிகளை வனத்துறையினர் முன்னரே அவருக்கு விளக்கிவிட வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதனைப் பேசுங்கள். விறகு பொறுக்கும் பெண்களை முதலில் கேளுங்கள். ஒரு சரிவை அடைத்தால் கூடுதல் தொலைவு நடக்க வேண்டியவர்கள் அவர்களே.